கூர்வளைவும் தையல்வரியும்: கோத்திக் பேராலயத்தை ஆடையாக்க முயன்ற ஒரு மாணவர் திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடபிரான்சில் உள்ள ஒரு சிறிய ஆடை வடிவமைப்புப் பள்ளியில், இறுதியாண்டு மாணவர்கள் 18 வாரங்களுக்குள் 3 ஆடைகளையும், அவற்றுக்குப் பின்னால் உள்ள சிந்தனையை விளக்கும் ஆய்வேடு ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் மூவர் வழிகாட்டிகளாக இருப்பார்கள்: பட்டறைத் தலைவர், ஆடை வரலாற்று ஆசிரியர், துணி வெட்டும் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர். இந்த நிகழ்வில் மூன்றாமவர் நான். மாணவியின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அவரையோ பள்ளியையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

மாணவி முன்வைத்த தலைப்பு, 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய கோத்திக் கட்டடக்கலை இடைக்கால உடையிலும் இன்றைய உடையிலும் செலுத்திய செல்வாக்கு என்பதாகும். அவருடைய முன்மொழிவின் முதல் பக்கத்தில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன: பேராலயத்தின் ஊசிமுனைக் கோபுரம் ஒன்றும், 15ஆம் நூற்றாண்டுப் பர்கண்டிப் பெண்மணி அணிந்த கூம்புத் தொப்பி ஒன்றும். அடுத்த பக்கத்தில், உச்சி கூராக முடியும் கூர்வளைவுக்கு அருகே நீள்மூக்குச் செருப்பு. கட்டடம் மேல்நோக்கி எழுந்ததால் உடையும் மேல்நோக்கி எழுந்தது என்பதே வாதம். ஆடை வரலாற்றை எளிமையாகச் சொல்லும் நூல்கள் பலவற்றில் இந்த ஒப்பீடு திரும்பத் திரும்ப வருகிறது. பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கிறது. நாங்கள் மூவரும் அதைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டோம். பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பகுதி அந்த ஒப்புதலிலிருந்தே தொடங்கியது.

முதல் ஐந்து வாரங்கள்

முதல் ஆடை கறுப்பு நிறத்தில் ஒரு நீள மேலங்கி. அதன் முதுகுப் பக்கத்தில் பேராலயங்களின் வட்டமான வண்ணக் கண்ணாடிச் சாளரமான ரோஜாச் சாளரத்தின் வடிவத்தை, ஆர்கன்சா என்ற மெல்லிய துணியின் துண்டுகளால் அமைத்து, கண்ணாடிகளை இணைக்கும் ஈயக் கம்பிகளைப் போலக் கறுப்பு நாடாக்களை வைத்துத் தைத்திருந்தார். தோள்களில், கேன்வாஸ் வைத்து விறைப்பாக்கிய சிறு கூர்முனைகள் நின்றன. டம்மியின் மேல் மாட்டி வைத்தபோது பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கைவேலையில் குறை சொல்ல இடமில்லை.

ஐந்தாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாடல் அதை அணிந்து நடந்தார். அப்போது நான் எழுதி வைத்த குறிப்புகள் சுருக்கமானவை. அங்கியின் எடை நான்கு கிலோவைத் தாண்டியது. அதன் பெரும்பகுதி முதுகில் இருந்ததால் முன்கழுத்து தொண்டையை நோக்கி இழுபட்டது. பத்தடி நடப்பதற்குள் மாடல் இடது கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார், திரும்பி வரும்வரை விடவில்லை. தோள் முனைகள் இரண்டும் முன்னால் சாய்ந்தன. சாளரத்தின் நாடாக்கள் கிராஸாக, அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக, ஓடிய இடங்களில் அடித்துணி தொய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. ஒரு கோத்திக் கட்டடத்தின் படம் அந்த அங்கியின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. அந்தச் சுமையைத் தாங்க அங்கிக்குள் எந்த ஏற்பாடும் இல்லை.

அதே மதிப்பாய்வில் ஆடை வரலாற்று ஆசிரியர் அங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்மொழிவின் முதல் பக்கத்தைத் திறந்து, "இது எந்த ஆண்டுத் தொப்பி? அது எந்த ஆண்டுக் கோபுரம்?" என்று மட்டும் கேட்டார். மாணவியிடம் பதில் இல்லை. எங்களிடமும் உடனடியாகச் சொல்லத்தக்க பதில் இல்லை.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தது

ஆறாம் வாரம் முழுவதும் ஊசி தொடவில்லை. வெட்டும் மேசையின் மேல் பேட்டர்ன் தாளை நீளமாக விரித்து, ஒரு பக்கம் கட்டடங்களையும் மறுபக்கம் உடைகளையும் ஆண்டு வாரியாகக் குறித்தோம்.

கட்டடப் பக்கத்தில் தொடக்கப் புள்ளியைக் குறிப்பது எளிது. பாரிசுக்கு வடக்கே உள்ள சேன் தெனி மடாலயக் கோயிலில், மடத்தலைவர் சூஜே புதுப்பித்த, பலிபீடத்தை ஒட்டிய பாடகர் பகுதி 1144இல் அர்ப்பணிக்கப்பட்டது. கூர்வளைவும், விதானத்தைத் தாங்கும் விலாவளைவும் அதற்கு முன்பே தனித்தனியாக இருந்தவைதான். அவை ஒன்றுசேர்ந்து சுவரை மெலிதாக்கி, ஒளிக்கு வழிவிட்டது அங்கேதான். சார்த்ரு பேராலயம் 1194இன் தீவிபத்துக்குப் பிறகு எழுந்தது. ஆமியான் பேராலயம் 1220இல் தொடங்கியது. உடைப் பக்கத்தில் கூம்புத் தொப்பி 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வருகிறது. அதற்குள் புளோரன்சில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கியின் குவிமாடம் 1436இல் முடிந்து, புதிய கட்டடக்கலையே தொடங்கிவிட்டது. சேன் தெனிக்கும் தொப்பிக்கும் இடையே தாளில் மூன்று நூற்றாண்டு வெற்றிடம் கிடந்தது. பிரான்சில் அப்போதும் கோத்திக் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன என்பது உண்மை. ஆயினும், மூன்று நூறாண்டுகளாக மக்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வடிவம், இரண்டு தலைமுறை மட்டும் தலையில் ஏறிப் பிறகு இறங்கியது ஏன் என்பதைக் கோபுரத்தால் விளக்க முடியாது.

செருப்பின் நிலை இன்னும் மோசம். நீள்மூக்குச் செருப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் போலந்தின் பெயராலும் ஆங்கிலேயர் அந்நாட்டின் கிராக்கோ நகரின் பெயராலும் அழைத்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள் என்பதை அந்தப் பெயர்களே காட்டுகின்றன; அவற்றில் பேராலயத்தின் சாயல் இல்லை. இங்கிலாந்தில் 1463இன் சட்டம், பிரபு நிலைக்குக் கீழ்ப்பட்டவர்களின் செருப்பு முனை 2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் கவலை, யார் யாரைப் போல உடுத்தலாம் என்பதுதான். இதைவிட முக்கியமான சான்று ஒன்றை வரலாற்று ஆசிரியர் எடுத்து வைத்தார். 12ஆம் நூற்றாண்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான ஓர்தெரிக் விட்டாலிஸ், ஆஞ்சு நாட்டுக் கோமகன் ஃபுல்க் தம் கால்களின் குறையை மறைக்க நீண்ட கூர்முனைச் செருப்புகளைச் செய்வித்ததாகவும், அந்த வழக்கம் மேற்கெங்கும் பரவியதாகவும் எழுதியிருக்கிறார். அந்த ஃபுல்க் 1109இல் இறந்தார். அதாவது, சேன் தெனியின் பாடகர் பகுதிக்கு ஒரு தலைமுறை முன்பே கூர்முனைச் செருப்பு நடமாடிக்கொண்டிருந்தது. துறவி சொன்ன காரணம் கேலியாகவே இருக்கலாம். ஆனால் ஆண்டு வரிசையைக் கேலி என்று தள்ள முடியாது.

மாணவி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பை மாற்றிவிடலாமா என்று அன்று மாலை கேட்டார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. தலைப்பைக் கைவிடலாம், ஆனால் ஆறு வாரங்கள் போய்விட்டிருந்தன. வரலாற்று வாதத்தை நீக்கிவிட்டு, இன்றைய வடிவமைப்பாளர் ஒருவர் பேராலயத்தால் கவரப்பட்டார் என்ற அளவில் தொடரலாம். பட்டறைத் தலைவர் இதையே விரும்பினார். அவரைப் பொறுத்தவரை வடிவமைப்பாளர் எதைப் பார்த்தும் எதையும் செய்யலாம், அதற்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை. மூன்றாவது வழி, வடிவ ஒற்றுமையை விட்டுவிட்டு, கட்டடமும் உடையும் உண்மையில் எங்கே தொட்டுக்கொண்டன என்று தேடுவது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். அங்கி நடக்கையில் குலைந்ததற்கும் வாதம் கேள்வியில் குலைந்ததற்கும் காரணம் ஒன்றே என்று எனக்குப் பட்டது. இரண்டிலும் மாணவி வெளிக்கோட்டை மட்டும் எடுத்திருந்தார். பட்டறைத் தலைவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். பேராலயங்களை நேரில் பார்க்கும்வரை புதிய வரைபடம் போடக்கூடாது என்றும் முடிவாயிற்று. நான்கு மாதத் திட்டத்தின் ஏழாம் வாரத்தில்தான் மாணவி முதன்முறையாக ஆய்வு நோக்கோடு ஒரு பேராலயத்துக்குள் நுழைந்தார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

நேரில் கண்டவை: ஆமியானும் சார்த்ருவும்

ஆமியானில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நடுக்கூடத்தின் விதானம் 42 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அன்று எங்களுக்குப் பயன்பட்டது தரைக்கு அருகில் இருந்தது. பேராலயத்தின் தென்புற வெளிச்சுவரில், இரண்டு வணிகர்கள் நடுவில் ஒரு சாக்கு மூட்டையோடு நிற்கும் சிற்பம் உள்ளது. மூட்டையில் இருப்பது சாயம். பிக்கார்டி வட்டாரத்தில் விளைந்த ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த நீலச் சாயம் அது. நம் அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான் அந்த இலையிலும் குறைந்த அளவில் இருக்கிறது. அந்தச் சாய வணிகத்தால் ஆமியான் செழித்தது, அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு பேராலயத்துக்கும் போனது. கட்டடம் உடையை எப்படி மாற்றியது என்று கேட்டுக்கொண்டு போன மாணவிக்கு, துணிக்கு நிறமேற்றிய பணம் கட்டடமாக நின்றது பதிலாகக் கிடைத்தது.

மேற்கு வாயிலின் சிற்பங்கள் ஒரு காலத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தன. அந்தப் பூச்சின் எச்சங்களை ஆராய்ந்து, கோடை இரவுகளில் பழைய நிறங்களை ஒளியாக முகப்பின்மேல் வீசிக்காட்டுகிறார்கள். நாங்கள் போனது கோடையில்லை. படங்களை மட்டுமே பார்த்தோம். கோத்திக் என்றால் கறுப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று மாணவி அங்கே நின்று கேட்டார். கறுப்பு, பேராலயத்தின் நிறம் இல்லை. இடிபாடுகளையும் ஆவிகளையும் ரசித்த 18ஆம், 19ஆம் நூற்றாண்டுக் கற்பனையும், அதைத் தூக்கிச் சுமந்த 1980களின் இசைக் குழுக்களும் அவர்களுடைய ரசிகர்களும் சேர்ந்து கொடுத்த நிறம் அது. கோத்திக் என்ற பெயர்கூடக் கட்டியவர்கள் வைத்ததில்லை. இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்கள் இகழ்ச்சியாகச் சூட்டியது.

சார்த்ருவில் தேடல் இன்னும் திரும்பியது. அந்தப் பேராலயத்தின் மையமே ஒரு துணி. அன்னை மரியாள் அணிந்த உள்ளாடை என்று நம்பப்பட்ட பட்டுத்துணியை, அரசர் வழுக்கைத் தலை சார்ல்ஸ் 876இல் அங்கே கொடுத்ததாக மரபு. 1194இல் பழைய கோயில் எரிந்தபோது துணியும் போயிற்று என்று ஊரே அழுதது; நிலவறையிலிருந்து அது பத்திரமாக வெளியே வந்ததும், அன்னையே புதிய கோயில் கேட்கிறாள் என்று மக்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். யாத்திரிகர்கள் சட்டை வடிவ ஈய வில்லைகளை வாங்கி அணிந்தார்கள். 1712இல் பேழையைத் திறந்தபோது உள்ளே சட்டை இல்லை, நீளமான ஒரு துணிதான் இருந்தது. உயர்கோத்திக் கட்டடக்கலையின் முதல் பெரும் சாதனை என்று போற்றப்படுவது, ஓர் ஆடையை வைத்துக் காப்பதற்காக எழுந்தது. மாணவியின் ஆய்வேட்டில் மிக நல்ல பக்கங்கள் இதைப் பற்றியவை. மேல்தளத்துச் சாளரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழ்வரிசைக்கு வந்தால், மென்மயிர்த்தோல் வியாபாரி வாடிக்கையாளரிடம் தன் சரக்கை விரித்துக் காட்டும் காட்சி கண்ணாடியில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்கிறேன். சார்த்ருவின் மேற்கு வாயிலில், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த தூண்சிற்பங்கள் உள்ளன. அரசியரின் நீண்ட அங்கிகள் மிக மெல்லிய கொசுவங்களாகத் தோளிலிருந்து பாதம்வரை ஓடுகின்றன. பின்னல்கள் முழங்காலைத் தொடுகின்றன. உடலே தூணாகிவிட்டது. மாணவி உடனே இதைச் சான்றாகப் பிடித்துக்கொண்டார். வரலாற்று ஆசிரியர் தடுத்தார். அந்தக் கொசுவங்கள் துணியின் கொசுவங்களா, தூணின் வரிகளா என்று கல்லை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. சிற்பி தூணுக்காக உடையை நீட்டியிருக்கலாம். இருந்தும் கட்டடமும் உடையும் ஒரே கோட்டில் சந்தித்த இடம் என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன். சந்திப்பு நடந்தது சிற்பியின் உளியில், தையல்காரரின் கையில் இல்லை.

வெட்டு மேசைக்குத் திரும்பியது

எட்டாம் வாரத்திலிருந்து வேலை காடாத் துணியில் தொடங்கியது. இடைக்காலத் தையல்காரர் எப்படி வெட்டினார் என்பதைப் பார்க்க இரண்டு சான்றுகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று, கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தில், உறைந்த மண்ணிலிருந்து 1921இல் தோண்டி எடுக்கப்பட்ட கம்பளி அங்கிகள். இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டாவது, 1364இல் போரில் இறந்த பிரெஞ்சுப் பிரபு ஷார்ல் த ப்ளுவா அணிந்ததாகச் சொல்லப்படும், லியோன் துணி அருங்காட்சியகத்திலுள்ள இறுக்கமான மேற்சட்டை. இரண்டையும் வெளியிடப்பட்ட வெட்டுப் படங்கள் வழியாகவே கற்றோம்.

கிரீன்லாந்து அங்கிகளில் இடுப்புக்கு மேல் உடலோடு ஒட்டி வரும் துணி, கீழே போகப் போக விரிகிறது. அதற்காக முன்னும் பின்னும் பக்கங்களிலும் முக்கோணத் துண்டுகள் செருகப்பட்டுள்ளன. ஒவ்வொரு துண்டின் உச்சியும் கூர்வளைவைப் போலவே தெரியும். மாணவி சிரித்துக்கொண்டே, "இதையும் ஆண்டு பார்க்கணுமா?" என்று கேட்டார். பார்த்தோம். முக்கோணத் துண்டு செருகுவது பேராலயங்களைவிடப் பழைய வழக்கம். தறியில் நெய்த துணியை வீணாக்காமல் அகலம் கூட்டுவதற்கான வழி. ஆமியானைப் போன்ற கோத்திக் பேராலயம் எதுவும் இல்லாத கரையில் வாழ்ந்தவர்களும் அப்படித்தான் தைத்தார்கள்.

ஆனால் அந்த உச்சியில் ஒரு தையல் சிக்கல் இருக்கிறது, அதுதான் ஆடையை நகர்த்தியது. நேரான இரண்டு தையல்கள் ஒரு புள்ளியில் முடியும்போது, துணியின் முழு இழுப்பும் அந்தப் புள்ளிக்கு வருகிறது. அங்கே தையலுக்கு விடும் ஓரத் துணியும் ஒன்றுமில்லாமல் குறைந்துவிடுகிறது. தைத்து முடித்தால் உச்சியில் ஒரு சிறு சுருக்கம் நிற்கும், இழுத்தால் கிழியும். முதல் மாதிரியில் ஆறு துண்டுகளில் நான்கு சுருங்கின. மாணவி பக்கவாட்டுத் தையல்களைக் கவராயத்தால் வரைந்த இரண்டு வில்களாக மாற்றி, உச்சிக்குப் பின்னால் நகத்தளவு துணிச் சதுரம் ஒன்றை வைத்துக் கையால் தைத்தார். விலாவளைவுகள் கூடும் உச்சியில் கொத்தனார் வைக்கும் பூட்டுக்கல்லின் வேலையை அந்தச் சதுரம் செய்தது. வில்லாக வந்த தையல் இழுப்பை ஒரே புள்ளிக்கு அனுப்பாமல் தன் நீளம் முழுவதும் பகிர்ந்துகொண்டது. சுருக்கம் போனது. கூர்வளைவு அந்த ஆடைக்குள் முதன்முறையாக ஒரு தேவையோடு வந்தது அப்போதுதான்.

ஷார்ல் த ப்ளுவாவின் சட்டையிலிருந்து கை பொருந்தும் குழியை எடுத்தோம். அந்தக் குழி தோளோடு நிற்காமல் மார்புக்கும் முதுகுக்கும் நடுவே வட்டமாக ஏறி வருகிறது. அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் உடல் துணி எழுவதில்லை. குழியை வெட்டுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. கிராஸ் எங்கே விழுகிறது, நூலோட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் குறித்தே வெட்டினோம்.

தோல்வியடைந்த முட்டு

பத்தாம் வாரத்தில் ஒரு தவறான முடிவு எடுத்தோம். உயரமான கழுத்துப்பட்டையின் எடையை இடுப்புக்கு இறக்க, தோளிலிருந்து இடுப்பின் பின்புறம்வரை உடலைத் தொடாமல் வெளியே வளைந்து இறங்கும் விறைப்பான பட்டைகளை மாணவி முன்மொழிந்தார். பேராலயத்தின் வெளிமுட்டு வளைவுகளே அதற்கு மாதிரி: மேலே விதானம் வெளிப்புறமாகத் தள்ளும் தள்ளலை, சுவருக்கு வெளியே நிற்கும் வளைவு வாங்கித் தரைக்கு இறக்குகிறது. கருத்து சரியாகத் தோன்றியது, நானும் உற்சாகமாகவே ஆதரித்தேன். டம்மியின் மேல் அபாரமாக நின்றது. மாடல் அணிந்து நடந்தபோதும் நின்றது. இளைப்பாற அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், பட்டைகளின் கீழ்முனை இருக்கையில் முட்டி, கழுத்துப்பட்டை மோவாய்வரை எழும்பிவிட்டது. பேராலயம் உட்காருவதில்லை என்று பட்டறைத் தலைவர் சொன்னார். அந்த அறையில் அன்று சிரிக்காதவர் மாணவி மட்டுமே.

ஆமியானுக்குத் தெற்கே உள்ள போவேயில், 48 மீட்டருக்கும் மேல் எழுப்பிய பாடகர் பகுதியின் விதானம் 1284இல் ஓரளவு இடிந்து விழுந்தது. அந்தக் கட்டடம் இன்றுவரை முழுமை பெறவில்லை. ஆறுதலுக்காக அதை மாணவியிடம் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டைகளை எடுத்துவிட்டு, இடுப்பை உள்ளே இறுக்கிப் பிடிக்கும் ஒரு நாடாவை வைத்து எடையை அங்கே இறக்கினோம். உயர்தர ஆடைப் பட்டறைகளில் இது பழைய உத்தி. அப்போது ஒரு நியாயமான எதிர்ப்பு எழுந்தது. கோத்திக் என்பதே தாங்கும் உறுப்பை மறைக்காமல் வெளியே காட்டுவதுதான். தாங்கலை உள்ளே மறைத்தால் இது மற்ற எந்த அங்கியிலிருந்தும் எப்படி வேறுபடும் என்று பட்டறைத் தலைவர் கேட்டார். இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு, எடை இறங்கும் ஆறு தையல்வரிகளை மட்டும் வெளிப்பக்கம் மடித்துத் தடித்த நூலால் தைப்பது, மற்றவற்றை வழக்கம்போல உள்ளே விடுவது என்று முடிவு செய்தோம். பார்ப்பவர் அந்த ஆறு வரிகளைப் பின்தொடர்ந்தால் துணி எங்கே தொங்குகிறது என்று தெரியும்.

நிறம் நீலமாயிற்று. ஆமியான் வணிகர்களின் செடியிலிருந்து எடுத்த சாயப்பொடி கடையில் கிடைத்தது. தொட்டியிலிருந்து எடுத்த கம்பளித் துணி முதலில் மஞ்சள்பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் மடிப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கி நீலம் ஏறிக்கொண்டே போனது. மூன்று முறை முக்கியும் நிறம் திட்டுத்திட்டாகவே வந்தது. மீண்டும் சாயமேற்ற நேரமில்லை, அப்படியே வெட்டினோம்.

இன்றைய வடிவமைப்பாளர்களைப் பற்றிய அத்தியாயம்

ஆய்வேட்டின் இந்தப் பகுதி அவசரமாக எழுதப்பட்டது. ஆயினும் கோத்திக் என்று பெயர் பெறுவது, பரப்பின் மேல் வருவது, அமைப்பாகவே நிற்பது என்ற பயனுள்ள பிரிப்பு அதில் இருந்தது. அலெக்ஸாண்டர் மெக்குயின் 1996இல் தம் ஆடைகளை லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச்சில் காட்டினார். அதைக் கோத்திக் காட்சி என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; தேவாலயமோ கோத்திக்குக்குப் பிந்திய பரோக் பாணியில் எழுந்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டடம். டோல்ச்சே அண்ட் கபானா நிறுவனம் 2013இல் எடுத்துக்கொண்ட, சிசிலியின் மொன்ரியாலே பேராலய மொசைக்குகளும் கோத்திக் இல்லை, பைசாந்தியம். ழான் போல் கோத்தியேவின் 2007 வசந்தகால உயர்தர ஆடைகளில் வண்ணக் கண்ணாடி உண்மையாகவே வருகிறது, பரப்பின் மேல் வருகிறது. இரிஸ் வான் ஹெர்பன் 2012இல் முப்பரிமாண அச்சில் செய்து செம்புப்பூச்சு ஏற்றிய பேராலய உடையில், சிற்ப அடுக்கே உடலின் ஓடாக நிற்கிறது. ஊசியும் நூலும் இல்லாமல் அது சாத்தியமானது என்பதையும் மாணவி குறித்திருந்தார். அந்தக் குறிப்பு எனக்குப் பிடித்தது. பாரிஸ் நோத்ர்தாம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, திருச்சடங்கு உடைகளை பிரெஞ்சு வடிவமைப்பாளர் காஸ்தெல்பஜாக் வடிவமைத்தார். வெண்ணிறத்தின் மேல் பளிச்சென்ற நிறத் துண்டுகள் சிதறிய அந்த உடைகள், பேராலயத்தின் இயல்பான நிறம் கறுப்பென்று நினைத்தவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும்.

முடிவு

பதினெட்டாம் வாரத்தில் மூன்று ஆடைகளும் தேர்வுக்குழு முன் வந்தன. நீல அங்கி நன்றாக நடந்தது, உட்கார்ந்தது, கையைத் தூக்கியது. வெட்டுக்கு மிக உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. ஆய்வேட்டுக்கு நடுத்தர மதிப்பெண்ணே கிடைத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், பேராலயம் எங்கே இருக்கிறது என்று தமக்குத் தெரியவில்லை என்றார். மாணவி ஆறு தையல்வரிகளைத் தொட்டுக் காட்டினார். தேர்வாளர் தலையசைத்தார், மதிப்பெண்ணை மாற்றவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை: மேடையில் இருபதடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தையல்வரியால் எவ்வளவு சொல்ல முடியும் என்ற கேள்விக்கு நாங்கள் விடை காணவில்லை.

பள்ளியின் ஆண்டுக் கண்காட்சியில், கழிக்கப்பட்ட முதல் கறுப்பு அங்கியையும் ஒரு மூலையில் வைத்திருந்தோம். வந்தவர்கள் அதிகம் படமெடுத்தது அதைத்தான். மாணவி இப்போது ஒரு நாடக உடைப் பட்டறையில் வெட்டுநராக வேலை பார்க்கிறார்.

மாற்ற வேண்டியவை

முன்மொழிவுத் தலைப்பில் செல்வாக்கு என்ற சொல் இருந்தால், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் கையால் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் வாரத்திலேயே எழுத்தில் பதில் கேட்கிறோம். இதற்காக ஓர் அரைப்பக்கப் படிவம் செய்திருக்கிறோம். பதில் தெரியாது என்று எழுதுவதும் ஏற்கப்படும். காலியாக விட்டால் மட்டும் திருப்பி அனுப்புகிறோம். களப்பயணம் வரைபடத்துக்கு முன்பு வந்துவிட்டது. காடாத் துணி மாதிரிகளை டம்மியில் மட்டும் பார்த்து ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டோம். மாடல் நடக்க வேண்டும், படியேற வேண்டும், ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிமுட்டுப் பட்டையை நான் ஆதரித்ததற்கு, அதன் கருத்து எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அடுத்த முறை அப்படி ஒன்று பிடித்துப்போனால், முதலில் இன்னொருவரிடம் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

நீல அங்கி பள்ளியின் அலமாரியில் தொங்குகிறது. எட்டு மாதம் கழித்து அதைத் திறந்து பார்த்தபோது, இடது பக்கத்து முக்கோணத் துண்டின் உச்சியில் பூட்டுக்கல் சதுரத்தின் ஒரு மூலை நூல்விட்டிருந்தது. மற்ற ஐந்தும் நின்றன. விட்டுப்போன மூலையில் நூலோட்டம் தவறாக வைக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டைப் பென்சிலால் குறித்தது நான்.